காவடியும் ஜூலும்: பழனி மலைகளில் வேலை, விசை, திறன் கணக்கிடும் முறை

1. வரையறையும் எடுகோள்களும்

வேலை என்ற சொல் தமிழில் பல பொருள் தரும். அரசாங்கத்தில் கிடைப்பது ஒரு வேலை. வீட்டில் எத்தனை செய்தாலும் தீராதது ஒரு வேலை. ‘உன் வேலையைப் பார்’ என்னும்போது சுட்டப்படுவது மூன்றாவது. பழனியில் நான்காவது ஒன்றும் உண்டு: வேல் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை உருபேற்றாலும் ‘வேலை’ என்றே நிற்கும். அது இலக்கணத்தின் பாற்பட்டதால் இங்கு ஆராயப்படவில்லை.

இயற்பியல் இந்த நான்கையும் ஏற்பதில்லை. ஒரு பொருளின் மீது விசை செயல்பட வேண்டும்; அந்த விசையின் திசையில் பொருள் நகரவும் வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேலை. விசையை நியூட்டனிலும் இடப்பெயர்ச்சியை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் கிடைப்பது ஜூல். அந்த வேலையை எத்தனை நொடியில் செய்து முடித்தார் என்று வகுத்தால் கிடைப்பது திறன். அதன் அலகு வாட். வியர்வைக்கோ, மூச்சிரைப்புக்கோ, ‘அப்பாடா’ என்று உட்காருவதற்கோ இந்தச் சூத்திரத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஒரு ஜூல் எவ்வளவு என்பதைக் கையால் அறியலாம். 100 கிராம் எடையுள்ள விருப்பாச்சி வாழைப்பழம் ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் செய்த வேலை 1 ஜூல். அதை ஒரு நொடியில் தூக்கினால் திறன் 1 வாட். தூக்கிய பழத்தைத் தின்றுவிட்டால் கணக்கு வேதியியலுக்குப் போய்விடும்.

இக்கட்டுரையின் எடுகோள்கள் மூன்று. ஒன்று, புவியீர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 10 மீட்டர். உண்மையில் 9.78 தான், ஆயினும் மாணவர் நலன் கருதிப் பாடநூல்கள் செய்யும் இந்தச் சலுகை இங்கும் தொடர்கிறது. இரண்டு, பழனி மலைக்கோயிலின் படிகள் 693. எண்ணியவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நடுவில் யாராவது ‘அரோகரா’ என்றால் பதில் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதே அதற்குக் காரணமாகலாம். மூன்று, படி ஒன்றின் உயரம் 18 செ.மீ. இவற்றைப் பெருக்கினால் ஏறும் உயரம் ஏறத்தாழ 125 மீட்டர். படிகளுக்கு இடையே உள்ள சரிவுகள் புறக்கணிக்கத்தக்கவை. ஏறுபவர் அவற்றைப் புறக்கணிப்பதில்லை. அங்கேதான் நின்று மூச்சு வாங்குகிறார்.

2. விசை: இடும்பன் கணக்கு

விசை இருந்தும் வேலை நடக்காத நிலைக்குப் பாடநூல்கள் சுவரைத் தள்ளும் மனிதனை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. அந்த மனிதன் ஏன் சுவரைத் தள்ளினான் என்பதற்கு எந்தப் பாடநூலும் விளக்கம் சொன்னதில்லை. பழனித் தல வரலாறு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை, காரணத்தோடு வைத்திருக்கிறது.

அகத்தியருக்காக இடும்பன் என்ற அசுரன் கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கித் தெற்கே வந்தான். பழனியில் இளைப்பாற இறக்கி வைத்தான். மீண்டும் தூக்கப் போனபோது குன்று அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு சிறுவன் நின்றிருந்தான். காவடி எடுக்கும் வழக்கம் இதிலிருந்து தோன்றியதாக மரபு.

முதலில் சுமையை மதிப்பிட வேண்டும். குன்று ஒன்றை 125 மீட்டர் உயரமும் 200 மீட்டர் அடி ஆரமும் கொண்ட கூம்பு எனக் கொள்க. கன அளவு ஏறத்தாழ 52 லட்சம் கன மீட்டர். பாறையின் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.7 மடங்கு. எனவே ஒரு குன்றின் நிறை சுமார் 1,400 கோடி கிலோ. இரண்டும் சேர்ந்து தோளில் அழுத்திய விசை 28,000 கோடி நியூட்டன். தண்டு சமமாக நின்றதிலிருந்து இரு குன்றுகளும் சம எடை என்றோ, கனத்த குன்று தோளுக்குக் கிட்டத்தில் தொங்கியது என்றோ கொள்ள வேண்டும். நெம்புகோல் தத்துவம் இரண்டையும் அனுமதிக்கும்.

இனி வேலை. கயிலையிலிருந்து பழனி பல ஆயிரம் மீட்டர் தாழ்வான இடம். சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கியது. சுமையோ கீழ்நோக்கி வந்திருக்கிறது. விசையும் இடப்பெயர்ச்சியும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் வேலை எதிர்க்குறி பெறும். ஆகவே இரண்டு மலைகளை இமயத்திலிருந்து தமிழ்நாடு வரை சுமந்துவந்த இடும்பன், இயற்பியலின் பேரேட்டில் கடன்காரனாகவே பழனி வந்து சேர்கிறான். கடனை அடைக்க அவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு குன்றை மறுபடி தூக்குவது. விசை கொடுத்தான், குன்று நகரவில்லை. 28,000 கோடியைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே.

3. இடப்பெயர்ச்சி: ஞானப்பழக் கணக்கு

கடந்த தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு. தொலைவு என்பது நடந்த பாதையின் மொத்த நீளம். இடப்பெயர்ச்சி என்பது புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் இடையிலான நேர்க்கோடு. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி மதிப்பெண் போகும் இடம் இதுவே. இதற்கும் பழனியில் எடுத்துக்காட்டு ஆயத்தமாக இருக்கிறது.

ஒரு பழத்துக்காக உலகைச் சுற்றிவரும் போட்டி வைக்கப்பட்டது. முருகன் மயிலேறிச் சுற்றினார். நிலநடுக்கோட்டு வழி என்றால் தொலைவு 40,075 கிலோமீட்டர். பிள்ளையார் தாய் தந்தையரைச் சுற்றினார். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் தொலைவு 6.28 மீட்டர். இருவரும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இருவரின் இடப்பெயர்ச்சியும் பூச்சியம். புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த நிகர வேலையும் இருவருக்கும் பூச்சியம். மயில் காற்றின் தடையை எதிர்த்துச் செய்த வேலை மட்டும் மிஞ்சும்; அது மயிலின் கணக்கில் சேரும், முருகன் கணக்கில் சேராது.

ஆக, இயற்பியல் ஆசிரியர் ஒருவர் நடுவராக இருந்திருந்தால் போட்டி சமன். பழம் இரண்டாக நறுக்கப்பட்டிருக்கும். பழனிக்குத் தல வரலாறு இருந்திருக்காது. தீர்ப்புக்குப் பின் நடந்ததே கணக்குக்கு உகந்தது. முருகன் கோபித்துக்கொண்டு கயிலையிலிருந்து பழனிக்கு வந்தார். தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் வேறு. இடப்பெயர்ச்சி தெற்கு நோக்கி, சற்றே மேற்கே சாய்ந்து, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். கதை முழுவதிலும் பூச்சியமாகாத இடப்பெயர்ச்சி இது ஒன்றே. கோபமில்லாமல் யாரும் நிரந்தரமாக இடம் பெயர்வதில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து வரலாமா என்பது உளவியலார் ஆராயத்தக்கது.

4. கோணம்: சமதளக் காவடி

விசையும் இடப்பெயர்ச்சியும் ஒரே திசையில் இல்லாதபோது, இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 90 டிகிரியின் கொசைன் பூச்சியம். சுமையைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நடப்பதோ கிடைத்தளத்தில். எனவே சமதளத்தில் சுமை தூக்கி நடப்பவர் சுமையின் மீது செய்யும் வேலை பூச்சியம். ரயில் நிலையச் சுமைதூக்கியைக் காட்டிப் பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. அவரிடம் கூலி கொடுக்கும்போது இதைச் சொல்லிப் பார்த்த மாணவர் எவரும் பதிவு செய்யப்படவில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து வருகிறது. வேறு பல ஊர்களிலிருந்தும் பச்சை, காவி, மஞ்சள் உடுத்திய கூட்டம் சாலை ஓரமாக நாள்கணக்கில் நடக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் காவடியைச் சுமந்து வந்து மலையடிவாரத்தில் நிற்பவரின் குதிகால் வெடித்திருக்கும். விரலிடுக்கில் துணி சுற்றியிருக்கும். தோளில் தண்டு பட்ட இடம் கன்றியிருக்கும். சூத்திரப்படி அவர் அதுவரை காவடியின் மீது எந்த வேலையும் செய்யவில்லை.

இந்த முடிவு சாலை முற்றிலும் மட்டமாக இருந்தால் மட்டுமே பொருந்தும் என்று சிலர் வாதிடலாம். வாதம் சரியே. நடக்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் உடலின் ஈர்ப்பு மையம் சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் எட்டுக்கு 4 செ.மீ. எழுகிறார் என்றால் 24 ஜூல். எட்டு ஒன்று 70 செ.மீ. எனில், நூறு கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் எட்டு. மொத்தம் 34 லட்சம் ஜூல். ஆனால் எழுந்த உடல் அதே அளவு தாழ்வதால் எடுத்தது முழுவதும் திருப்பித் தரப்பட்டதாகச் சூத்திரம் கருதுகிறது. கால் அப்படிக் கருதுவதில்லை.

வேலை பூச்சியமாக இருந்தும் உடம்பு வலிப்பதன் காரணம் தசையின் அமைப்பில் இருக்கிறது. மேசை ஒரு சுமையை நூறாண்டு தாங்கும்; அதற்கு உணவு வேண்டாம். தசை அப்படியல்ல. இறுகிய நிலையில் நிற்பதற்கே அதன் நுண்ணிழைகள் ஒன்றையொன்று பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பற்றலுக்கும் உடல் எரிபொருள் செலவிடுகிறது. அது வெப்பமாக வெளியேறுகிறது. வெளியே வேலை இல்லை, உள்ளே செலவு உண்டு. பூச்சியம் என்பது காவடியைப் பற்றிய உண்மை. காவடி எடுத்தவரைப் பற்றியதல்ல.

5. உயரம்: படிக் கணக்கு

அடிவாரத்தில் பாத விநாயகரைத் தாண்டி முதற்படியில் கால் வைத்ததும் கொசைன் தொல்லை நீங்குகிறது. 60 கிலோ பக்தர் ஒருவரின் எடை 600 நியூட்டன். உயரம் 125 மீட்டர். வேலை 75,000 ஜூல். விருப்பாச்சிப் பழ அலகில் சொன்னால் எழுபத்தையாயிரம் பழம்.

ஏறுவதற்கு முன் செய்யவேண்டியவை என்று மரபு விதித்தவை பெரும்பாலும் நிறையைக் குறைப்பவையாக இருப்பது கவனிக்கத்தக்கது. முடிக்காணிக்கையில் போகும் முடி 100 கிராம் என்றால் மிச்சம் 125 ஜூல். மொட்டைத் தலையில் பூசும் சந்தனம் 20 கிராம் என்றால் அதில் 25 ஜூல் திரும்பச் செலவாகும். நிகர லாபம் 100 ஜூல். அடிவாரத்தில் விட்டுச்செல்லும் அரைக் கிலோ செருப்பால் மிச்சம் 625 ஜூல். இரண்டு லிட்டர் பால்குடம் மட்டுமே 2,500 ஜூலைக் கூட்டுகிறது. பால் மேலேயே அபிஷேகமாகிவிடுவதால் இறங்கும்போது அந்த நிலையாற்றல் குடத்துக்குத் திரும்பி வராது.

படிக்கட்டுக்கு மாற்றாக யானைப்பாதை உண்டு. அது சாய்தளம் என்ற எளிய எந்திரம். சரிவு குறைந்தால் விசை குறையும், பாதை அதே விகிதத்தில் நீளும், வேலை மாறாது. படியில் ஏறியவரும் யானைப்பாதையில் வந்தவரும் உச்சியில் சந்திக்கும்போது இருவர் கணக்கிலும் 75,000 ஜூலே இருக்கும். 4,000 கிலோ யானைக்கு 50 லட்சம் ஜூல். யானை ஏன் படியைத் தவிர்க்கிறது என்பது இதனால் விளங்காது. படியின் அகலத்தைப் பார்த்தால் விளங்கும்.

தனியாக ஆராய வேண்டியது படிபூஜை. 50 கிலோ எடையுள்ள பாட்டி ஒருவர். இடக்கையில் மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டு. இடுப்பில் செருகிய கர்ச்சீப்பில் கற்பூரம். ஒவ்வொரு படியிலும் குனிந்து, மூன்று விரலால் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, விரலைப் படியிலேயே துடைத்து, முழங்காலில் கையூன்றி நிமிர்கிறார். இடுப்புக்கு மேலுள்ள பாதி உடல் 25 கிலோ, 40 செ.மீ. தாழ்ந்து எழுகிறது என்றால் நிமிர ஒவ்வொரு முறையும் 100 ஜூல். 693 படிக்கு 69,300 ஜூல். மலையேற அவருக்குத் தேவைப்படுவதோ 62,500 ஜூல்தான். அதாவது குனிந்து நிமிர்ந்த வேலை மலையேறிய வேலையைவிட அதிகம். பாட்டி பழனி மலையை ஒரே நேரத்தில் இரண்டு முறை ஏறுகிறார். குனிந்ததும் நிமிர்ந்ததும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று சூத்திரம் இதையும் தள்ளுபடி செய்யும். இடுப்பு மேல்முறையீடு செய்யும்.

6. திறன்: படி, விஞ்ச், ரோப் கார்

ஒரே வேலையைச் செய்வோருக்கிடையே தரவரிசை தேவைப்பட்டதால் திறன் என்ற அளவு தோன்றியது. நீராவி எந்திரத்தை விற்க விரும்பிய ஜேம்ஸ் வாட், அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் வகுத்தார். அது இன்றைய 746 வாட்.

60 கிலோ பக்தர் அரை மணி நேரத்தில் படியேறினால் அவர் திறன் 75,000 ÷ 1,800, அதாவது ஏறத்தாழ 42 வாட். பழைய குழல்விளக்கு ஒன்று எரிய அது போதும். கால் மணியில் ஓடி ஏறும் இளைஞர் இரண்டு குழல்விளக்கு. மேற்சொன்ன பாட்டி படிபூஜையோடு ஒன்றரை மணி நேரம் எடுத்தால், சூத்திரம் ஒப்புக்கொள்ளும் 62,500 ஜூலை 5,400 நொடியால் வகுக்கக் கிடைப்பது 11.6 வாட். அது ஒரு எல்.இ.டி. பல்பு.

மலையேற எந்திரங்களும் உண்டு. விஞ்ச் எனப்படும் இழுவை ரயில் 1966-இல் வந்தது. ரோப் கார் 2004 நவம்பரில். விஞ்ச் சுமார் 8 நிமிடத்தில் மேலே சேர்க்கும். ரோப் கார் சுமார் 3 நிமிடத்தில். 60 கிலோ பயணி ஒருவருக்காக விஞ்ச் செலவிடும் பயனுறு திறன் 156 வாட். ரோப் கார் 417 வாட், அரைக் குதிரைக்குச் சற்று மேல். பயணியின் பங்களிப்பு பூச்சியம். அவர் பெட்டிக்குள் அனுபவிக்கும் பயம் ஜூலில் அளக்கப்படுவதில்லை.

ரோப் காரில் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஒரு பக்கம் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கம் பெட்டிகள் இறங்குகின்றன. இறங்குவோரின் எடை ஏறுவோரை இழுக்க உதவுகிறது. மோட்டார் ஈடு செய்யவேண்டியது வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும். எனவே தரிசனம் முடித்து இறங்கும் ஒவ்வொருவரும், தமக்குத் தெரியாமலே, இன்னொருவரைத் தரிசனத்துக்கு மேலேற்றுகிறார். கையில் ஒரு கிலோ பஞ்சாமிர்தம் கூடுதலாக இருந்தால் அந்த உதவியும் 1,250 ஜூல் கூடும்.

ஆயினும் இதுவரை செய்த ஒப்பீட்டில் பிழை ஒன்று உண்டு. நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பது தீர்மானிக்கப்படவில்லை. பயணி வீட்டிலிருந்து வந்தது பெட்டியில் உட்கார அல்ல, மலையேற. ஆகவே வரிசையில் நின்ற நேரமும் சேரும். விசேஷ நாளில் ரோப் காருக்கு இரண்டு மணி நேரம் நின்றவரின் கணக்கில் 7,200 நொடியும் 180 நொடியும் சேர்ந்து 7,380 நொடி ஆகிறது. 75,000 ஜூலை அதனால் வகுத்தால் 10.2 வாட். படிக்குப் படி மஞ்சள் தடவி ஏறிய பாட்டியின் திறன் 11.6 வாட். காற்று பலமாக வீசி ரோப் காரை நிறுத்திவிட்டாலோ, ஆண்டுப் பராமரிப்பு என்று பலகை வைத்துவிட்டாலோ ரோப் கார்க்காரரின் திறன் பூச்சியத்தை நோக்கிச் செல்லும். பாட்டிக்குப் பராமரிப்பு விடுமுறை கிடையாது.

7. ஆற்றல்: பஞ்சாமிர்தக் கணக்கு

வேலை செய்ய இயலும் தன்மை ஆற்றல். 75,000 ஜூல் என்பது சுமார் 18 கிலோகலோரி. உடல் தான் எரிப்பதில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையே வெளி வேலையாக மாற்றுகிறது, மீதி வெப்பம். எனவே ஒரு முறை ஏற 72 முதல் 90 கிலோகலோரி வேண்டும். சர்க்கரை கிராமுக்கு 4 கிலோகலோரி தரும் என்பதால் தேவை ஏறத்தாழ 20 கிராம்.

வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அரைக் கிலோ டப்பாவில் பாதி சர்க்கரைச் சத்து என்று மட்டும் வைத்து, நெய்யை மரியாதை கருதி விட்டுவிட்டாலும், 250 கிராம். அதைக் கொண்டு ஒருவர் பழனி மலையைப் பன்னிரண்டு முறை ஏறலாம். நடைமுறையில் பக்தர் ஒரு முறை ஏறிவிட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு, ரோப் காரில் இறங்கி, பேருந்தில் உட்கார்ந்து விரலால் வழித்துச் சாப்பிடுகிறார். மீதி பதினொரு ஏற்றத்துக்கான ஆற்றல் அவர் இடுப்பில் நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது.

8. பேருயரம்: கொடைக்கானல்

பழனிக் குன்று இக்கணக்குகளுக்குத் தொடக்கநிலைப் பயிற்சியே. பின்னால் நிற்கும் மலைத்தொடர் உயர்நிலை. கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,133 மீட்டர் மேலே. சமவெளியிலிருந்து ஏறவேண்டியது சுமார் 1,800 மீட்டர். பழனிக் குன்றைப் போல் பதினான்கு மடங்குக்கு மேல்.

1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை எழுப்பினர். மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆள் தூக்கும் டோலியிலோ மேலே வந்தார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் இன்றும் வெள்ளகெவி என்ற ஊர் இருக்கிறது. துரை 80 கிலோ, டோலி நாற்காலி 20 கிலோ எனக் கொண்டால் சுமை 1,000 நியூட்டன். 1,800 மீட்டருக்கு 18 லட்சம் ஜூல். தூக்கிய நால்வர் தலைக்கு 55 கிலோ என்றால் தங்கள் உடலையே மேலேற்ற 39.6 லட்சம் ஜூல். மொத்தம் 57.6 லட்சம். துரை செய்த வேலை பூச்சியம். அவருடைய நிலையாற்றல் மட்டும் 14.4 லட்சம் ஜூல் உயர்ந்தது. ‘மலை ஏறினேன்’ என்று ஊருக்குக் கடிதம் எழுதும் உரிமை நிலையாற்றல் உயர்ந்தவருக்கா, வேலை செய்தவர்களுக்கா என்பதில் இயற்பியல் நால்வர் பக்கம் நிற்கிறது. இந்த மலைத்தொடரில் சூத்திரமும் நியாயமும் ஒரே திசையில் நகரும் இடம் இது. பெயர் மட்டும் வேறோர் இடப்பெயர்ச்சிக்குப் போயிற்று. கொடைக்கானலில் 1899-இல் அமைந்த சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் மிக நுண்ணிய அளவில் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். அந்த மயிரிழை இடப்பெயர்ச்சி அவர் பெயரிலேயே ஒரு விளைவாக வழங்குகிறது. 1,800 மீட்டர் இடப்பெயர்ச்சி செய்தவர்களின் பெயரில் எந்த விளைவும் இல்லை.

இப்போது வத்தலகுண்டிலிருந்து பேருந்து ஏறுகிறது. ஆட்களோடு 15,000 கிலோ எனக் கொள்க. வேலை 27 கோடி ஜூல். இரண்டரை மணி நேரத்தில் ஏறினால் திறன் 30,000 வாட், அதாவது 40 குதிரைத்திறன். ஏரிக்கரையில் வாடகைக்கு நிற்கும் குதிரைகளில் நாற்பதைப் பூட்டி இதைச் சரிபார்க்கலாம் என்று தோன்றும். குதிரை ஒன்று 300 கிலோ என்றாலும் நாற்பதும் சேர்ந்து 12,000 கிலோ. ஏறத்தாழ இன்னொரு பேருந்து. அதை ஏற்ற மேலும் முப்பத்திரண்டு குதிரை வேண்டும். அவற்றை ஏற்ற மேலும் இருபத்தைந்து சொச்சம். தொடரைக் கூட்டினால் இருநூறு குதிரையில் போய் நிற்கும். குதிரை இல்லாத குதிரைத்திறனை மனிதன் ஏன் விரும்பினான் என்பது இதனால் தெளிவு.

பயணத்தின் நடுவில் நிறை மாறுவதும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது கண்டக்டர் ‘சன்னலைத் திறங்க, சன்னலைத் திறங்க’ என்று அவசரப்படுத்துவது அதற்காகத்தான். பாதி உயரத்தில் ஒரு பயணி கால் கிலோ இலேசானால் மீதி 900 மீட்டருக்குப் பேருந்து மிச்சப்படுத்துவது 2,250 ஜூல். உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வருபவர் இந்தச் சிக்கனத்துக்குத் தடையாக இருக்கிறார்.

உச்சியில் புவியீர்ப்பே சற்றுக் குறைவு. பூமியின் மையத்திலிருந்து விலகிய உயரத்தை மட்டும் கணக்கிட்டால் 60 கிலோ ஆள் வில் தராசில் கடல்மட்டத்தைவிடச் சுமார் 40 கிராம் குறைவாகக் காட்டுவார். எடை குறைந்ததென்று மகிழ்ந்து 100 கிராம் சாக்லேட் வாங்கினால் ஆதாயம் போயிற்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்குவோருக்கு மட்டும் நன்மை உண்டு. கடல்மட்டத்தில் சரிபார்த்த மின் தராசில் மலைமேல் ஒரு கிலோ நிறுத்தால், உண்மையில் 0.7 கிராம் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பல்லில் சிறு துண்டு. தட்டுத் தராசு இரு பக்கமும் ஒரே ஈர்ப்பை உணர்வதால் இந்தச் சலுகையைத் தராது.

9. உராய்வும் வெப்பமும்

‘உராய்வைப் புறக்கணிக்க’ என்பது எல்லாக் கணக்கின் கடைசி வரி. உராய்வை உண்மையில் புறக்கணித்தால் படியில் கால் ஊன்றாது. பேருந்துச் சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போகும். எனவே இந்த வரி தாளில் கணக்குப் போடுவோருக்கு மட்டுமே உரியது. பழனியில் உராய்வு தானாகவே புறக்கணிக்கத்தக்கதாகும் இடம், பஞ்சாமிர்தத்தின் முதன்மைச் சரக்குடைய தோல் கிடக்கும் இடம்.

ஏறியபோது சேர்ந்த 27 கோடி ஜூலை இறங்கும்போது பேருந்து எங்காவது தொலைக்க வேண்டும். காற்றுத் தடை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் வெப்பமாக்குகின்றன. அந்த வெப்பம் முழுவதையும் பிடித்து வைக்க முடிந்தால் சுமார் 800 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். வத்தலகுண்டு வந்து சேரும்போது டிரைவர் முதலில் தேடுவது டீக்கடை என்பதில் வியப்பில்லை.

விழும் நீரும் இவ்வாறே சூடாக வேண்டும். 1847-இல் தேனிலவுக்குப் போன இடத்தில் ஜேம்ஸ் ஜூல் கையில் நீண்ட வெப்பமானியோடு அருவியின் வெப்பநிலையை அளக்கப் புறப்பட்டிருந்தார் என்று கெல்வின் பிரபு பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கொடைக்கானலுக்கும் தேனிலவுத் தம்பதியர் வருகிறார்கள். மலைச்சாலை ஓரத்தில் 55 மீட்டர் உயரமுள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியும் இருக்கிறது. கணக்குப்படி அதன் அடியில் நீர் மேலே இருந்ததைவிட 0.13 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். தெறிக்கும் திவலையும் காற்றும் அந்தச் சிறு வித்தியாசத்தை அடித்துப்போய்விடும். அங்கு நிற்கும் தம்பதியர் படம் எடுக்கிறார்கள். குரங்குகள் அவர்கள் கையிலுள்ள சோளக்கதிரின் மீது விசை செலுத்தி, அதன் திசையிலேயே இடம்பெயர்த்து, குறையில்லாத வேலை செய்கின்றன.

10. விதிவிலக்கு

மேற்கண்ட கணக்குகள் அனைத்தும் ஒரே முறையில் முடிகின்றன. பக்தர் ஏறுகிறார், நேர்க்குறி, இறங்குகிறார், எதிர்க்குறி. வீடு திரும்பியதும் இடப்பெயர்ச்சி பூச்சியம், புவியீர்ப்புக்கு எதிரான நிகர வேலையும் பூச்சியம். அந்த நிலையில் அவர் குன்றைத் தூக்க முயன்ற இடும்பனுக்குச் சமமாகிறார்.

சூத்திரத்துக்குள் அடங்காத ஒரு நடைமுறை மட்டும் பழனியில் இருக்கிறது. படியேறும் வழியில், உச்சிக்கு முன்னதாகவே, இடும்பன் சன்னதி வருகிறது. காவடி கொண்டு வருவோர் அங்கே நின்று அவனை வணங்கிவிட்டே முருகனிடம் போக வேண்டும் என்பது வழக்கம். தூக்கிய மலை நகரவில்லை, செய்த வேலை பூச்சியம், பேரேட்டில் கடன் பாக்கி. இருந்தும் முதல் கற்பூரம் அவனுக்கு.